பத்தாவது வரிக்கும் பச்சை

கக்கத்தில் சுருட்டிய ஃப்ளெக்ஸோடு திருச்செந்தூர் சாலையில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். இரண்டு பக்கமும் உப்பளம். மேலே இருந்து வந்த வெயிலைவிட, பாத்திகளில் பட்டுத் திரும்பி வந்த வெயில்தான் கண்ணைக் குத்தியது. பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. நான் கை காட்டவில்லை. எங்கே போகிறோம் என்று தெரியாதவன் கண்டக்டரிடம் என்ன ஊர் சொல்லி டிக்கெட் கேட்பான்?

குலசேகரன்பட்டினத்தில் தசரா சமயத்தில் இரண்டு வருடம் வளையல் கடையில் நின்றிருக்கிறேன். அங்கே போய்விடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. இப்படிக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் மரக்கடை, குஜராத்தில் ஒரு துறைமுகம் என்று எல்லாவற்றையும் விட்டேன். எங்கேயும் சண்டை போட்டதில்லை. ஒரு நாள் எழுந்து நடப்பேன், அவ்வளவுதான். ஆனால் அதுவரை நான் விட்டுவந்த இடங்களில் என்னால் யாருக்கும் நஷ்டம் இருந்ததில்லை. இந்த முறை இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொள்ள நண்டுக் கம்பெனி வேன் வரும். பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்தவள். அவள் போயிருக்க வேண்டிய இடம் விளையாட்டு விடுதி. அங்கே போயிருந்தால் சாப்பாடு, தங்கல், கல்லூரி எல்லாம் இலவசம். அவள் அங்கே போகாமல் நண்டு உரிக்கப் போவது என்னால். எப்படிச் செய்தேன் என்பதற்கான சாட்சி என் கக்கத்தில் இருந்தது.

நான் தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னர் கோடவுனில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். சுமை தூக்குபவனாகச் சேர்ந்து, சரக்குக் கணக்கான டாலி எழுதுபவனாகி, பிறகு கழுத்தில் அட்டை மாட்டியவன். ஒரு முறை எங்கள் பத்துப் பேரை ஏசி அறையில் உட்கார வைத்து, சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். தலைமைப் பண்புப் பயிற்சி. இலக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வை. தினமும் பத்து நிமிடம் நின்றுகொண்டே பேசு. ஒவ்வொருவரும் தன் வேலையின் கணக்கைத் தானே சொல்லட்டும். சாக்குச் சொல்ல அனுமதிக்காதே. உன் மனதுக்குப் பட்டதை நம்பாதே, எண்ணை நம்பு. அவர் எங்களை "லீடர்ஸ்" என்று கூப்பிட்டார். என்னை அதற்கு முன்னால் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. படிப்பு பாதியில் நின்றவன் கையில் ஒரு நோட்டும் எழுதிக்கொள்ள நாலு வரியும் கிடைத்தால் அதை வேதமாகப் பிடித்துக்கொள்வான். நானும் பிடித்துக்கொண்டேன்.

கோடவுனில் அது நன்றாகவே வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். போர்டு மாட்டினேன், லாரிகள் காத்திருப்பது குறைந்தது. அடுத்த மாதம் மேனேஜர் கூப்பிட்டார்.

"நீங்க கபடி ஆடினவர்தானே? பக்கத்துக் கடற்கரைத் தெருவுல பொண்ணுங்க டீம் ஒண்ணு இருக்கு. நம்ம கம்பெனி ஸ்பான்சர் பண்ணுது. நீங்கதான் கோச்."

"எனக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்ல சார்."

"ஷிப்டை எப்படி நடத்துறீங்க? அதே மாதிரி நடத்துங்க. எல்லாம் ஒரே பிரின்சிபிள்தான்."

நான் தேரிக்காட்டுப் பக்கத்துக்காரன். செம்மண்ணில் கபடி ஆடி வளர்ந்தவன். கடற்கரைத் தெரு எனக்குப் பழக்கமில்லை. வலை பின்னும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மணலில்தான் பிள்ளைகள் ஆடினார்கள். ஒன்பது பேர். அதில் நெட்டையாக ஒருத்தி. அவள் மூச்சடக்கிப் பாடிப் போனால் எதிரணி ஏழு பேரும் ஓரடி பின்னால் போவார்கள். கடலில் சங்கு எடுக்கும் வள்ளத்தில் அவள் அப்பாவுக்கு வேலை. தண்ணீருக்கடியில் இருக்கிறவனுக்குக் காற்று போகும் குழாயை மேலே நின்று பிடித்துக்கொள்வார். முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை, கெடுக்காமல் இருந்தால் போதும் என்று.

முதல் வாரமே ஃப்ளெக்ஸ் அடித்துக் கொட்டகைச் சுவரில் கட்டினேன். ஒன்பது பெயர்கள். ஒவ்வொரு ஞாயிறு ஆட்டத்திலும் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று கட்டம். இலக்கைத் தொட்டால் பச்சை, பக்கத்தில் வந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் சிவப்பு. பத்தாவது வரி எனக்கு. தலைவனும் பலகையில் இருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். அதனால் "கோச்" என்று போட்டு, எனக்குப் பிள்ளைகள் மார்க் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"சார், செவப்பு ஒட்டினா அன்னைக்குச் சோறு கெடையாதா?" என்றாள் அவர்களில் சின்னவள்.

"ஏளா, ஒனக்குச் செவப்பு எடுப்பா இருக்கும்ளா. நெத்தியில ஒட்டிக்க" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஸ்டிக்கரை ஒட்டினேன்.

ஆரம்பத்தில் பலன் இருந்தது. காலை ஐந்தரைக்கு வர வேண்டியவர்கள் ஐந்தரைக்கே வந்தார்கள். மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தோம். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கோணியது. கபடியில் ஒருத்தி காலைப் பிடித்தால், இரண்டு பேர் கை கோர்த்து அவளை நிற்க வைத்திருப்பார்கள். என் கட்டத்தில் காலைப் பிடித்தவளுக்கு மட்டும்தான் புள்ளி. கை கோர்த்தவளுக்கு இடமில்லை. இரண்டு வாரத்தில் யாரும் கை கோர்க்கத் தயாராக இல்லை; எல்லோரும் காலுக்கே பாய்ந்தார்கள். ஒரு நாள் இரண்டு பேர் ஒரே பிடிக்காகத் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். சிவப்பு வாங்கியவள் ரிவ்யூவில் எல்லோர் முன்னாலும் நின்று காரணம் சொல்ல வேண்டும். சின்னவள் நின்றாள். வாயைத் திறந்தாள், அழுதாள், இரண்டு நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் நெட்டைப் பிள்ளை அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அந்த ஞாயிற்றிலிருந்து சண்டை நின்றது. சிவப்பு குறைந்தது. மஞ்சளும் போய், ஒன்பது பேருக்கும் பச்சை வந்தது. அதே சமயம் துறைமுகத்தில் கப்பல் நெருக்கடி. ஐந்து வாரம் எனக்கு ஞாயிறும் கிடையாது, காலையும் கிடையாது. நெட்டைப் பிள்ளையே பயிற்சி நடத்தினாள். ஆட்டம் முடிந்ததும் அவரவர் புள்ளியை அவரவர் போனில் சொல்லுவார்கள். நான் லாரிக்கு நடுவில் நின்று குறித்துக்கொண்டு, ராத்திரி வீட்டுக்குப் போகும்போது கொட்டகையில் ஒட்டுவேன். எனக்கும் பச்சை விழுந்திருந்தது. மதிப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் வந்து பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

விளையாட்டு விடுதித் தேர்வுக்கு ஒரு குழுவிலிருந்து ஒரு பெயர் அனுப்பலாம். நான் நெட்டைப் பிள்ளையின் பெயரைத்தான் எழுதினேன். எழுதிவிட்டு, ஒரு முறைக்குக் கடைசி ஐந்து வாரத்தையும் கூட்டிப் பார்த்தேன். பலகையில் முதலாவது வேறொருத்தி. ஓரத்தில் நின்று பிடிப்பவள். நல்லவள், ஆனால் முதலாவது இல்லை. இடது முழங்காலில் கட்டுப் போட்டிருந்தாள். கட்டோடு ஆடி முதலிடம் என்று நானே எனக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டேன். மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேக்கல. டேட்டா என்ன சொல்லுது?"

பெயரை அடித்து மாற்றினேன்.

நெட்டைப் பிள்ளையிடம் சொன்னபோது அவள் பலகையைப் பார்த்தாள், பிறகு மணலைப் பார்த்தாள். "சரி சார்" என்றாள். நான் அதோடு விடவில்லை. முடிவை ஏற்றுக்கொள்ளும் பக்குவத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமை தேர்வு நடந்தது. கட்டுப் போட்ட பிள்ளை இரண்டாவது ஓட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் இருத்தினேன். கட்டை அவிழ்த்தால் முழங்கால் தேங்காய் மாதிரி இருந்தது.

"இதோட எப்படி அத்தனை ஆட்டம் ஆடினே?"

"ஆடல சார்." அழுதுகொண்டே சொன்னாள். "அஞ்சு வாரமும் வெளியத்தான் இருந்தேன்."

"அப்ப புள்ளி?"

"பங்கு சார். ஆட்டம் முடிஞ்சதும் மொத்தப் புள்ளியையும் சேத்து எல்லாருக்கும் சமமாப் போட்டுருவோம். ஒடம்பு முடியாம கெடக்கவளுக்கும் உண்டு. எனக்கு மருந்துக்குன்னு கூட ஒண்ணு ரெண்டு போட்டாவ. வள்ளத்துல அப்படித்தான் சார்."

"இதை ஏன் என்கிட்டே சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். ரிவ்யூல சாக்குச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருந்தீங்க."

"அவளாவது சொல்லியிருக்கலாமே? அவ இடம் போகுதே."

அந்தப் பிள்ளை என்னைக் கிறுக்கனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "பங்கக் குடுத்துட்டு எப்படி சார் திருப்பிக் கேப்பா?"

தேர்வு அதிகாரியிடம் ஓடினேன். பெயரை மாற்றிக்கொள்ள முடியுமா, பிள்ளை பக்கத்துத் தெருதான், அரை மணி நேரத்தில் கூட்டிவருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. பட்டியல் போய்விட்டது என்றார். அடுத்த வருடம் அனுப்புங்கள், வயது இருக்கிறது, ஆட்டத்தை விடாமல் இருந்தால் எடுப்பார்கள் என்றார். நான் இன்னும் நின்றேன். பியூன் வந்து தோளைத் தொட்டார்.

ஞாயிறு பூசை முடிந்த பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா நார்க்கட்டிலில் கிடந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் வள்ளத்துக்கும் கரையில் கட்டிய தடுப்புச் சுவருக்கும் நடுவில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். மகள் பங்கு போட்ட விவரம் கேட்டு அவர் முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது.

"மூணு மாசமா வள்ளத்துல எம் பங்கு வீட்டுக்கு வந்துச்சு" என்றார். "என் எடம் காலியாக் கெடக்குற வரைக்கும் வரும். நாளையில இருந்து வேற ஆளு பாக்காவ. புது ஆளு ஏறிட்டா எம் பங்கு நின்னுரும். மொற அதான். கொற சொல்லப்படாது."

"அண்ணாச்சி, ஒங்களயும் கொற சொல்லல" என்றாள் பிள்ளையின் அம்மா. "பலகையில இருந்தத எழுதினீங்க. நாளைக்கு வேன்ல போவட்டும். ரெண்டு தங்கச்சி இருக்கு."

"அடுத்த வருஷம் தேர்வு இருக்கு. ஆட்டத்தை மட்டும் விடாம..."

"காலம்பர ஆறுக்குப் போயி ராத்திரி ஏழுக்கு வாரவ எப்பம் ஆடுவா, அண்ணாச்சி?"

நெட்டைப் பிள்ளை உள்ளே இருந்து வந்து மடித்த பனியன் ஒன்றை நீட்டினாள். கம்பெனி பெயர் போட்ட ஆட்டப் பனியன். "தொவச்சாச்சு சார்" என்றாள். வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். திண்டாடிப்போய் அவள் அதைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். நான் வெளியே வந்தேன். கொட்டகைக்குப் போய் ஃப்ளெக்ஸைக் கிழிக்கப் பார்த்தேன், அது கிழியவில்லை. அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

அப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தேன்.

முத்தையாபுரம் தாண்டி உப்பு லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. மேற்கு வெயில் நேராக பெஞ்சில் அடித்தது. கடைக்கார அம்மா என் கக்கத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அது வேண்டாம்னா தாங்க. இங்கன மறைப்புக் கட்டுதேன். வெயிலு கொல்லுது."

கொடுத்தேன். நானும் ஒரு லாரி டிரைவரும் சேர்ந்து கட்டினோம். எழுத்து உள்பக்கம் பார்த்து நின்றது. வெயில் பின்னாலிருந்து அடிக்க, பச்சை எல்லாம் விளக்குப் போட்டது போல ஆனது.

"என்னவே இது, பள்ளிக்கூட மார்க்கா?" என்றார் டிரைவர். "ஒருத்தன்கூட பெயிலு இல்லையே! வாத்தியாரு யாரு, மாமனாரா?"

சிரிக்க முயன்றேன். அப்போது போன் வந்தது. மேனேஜர்.

"அந்த சார்ட்டை நேரா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஹெட் ஆபீஸ்ல பிரசன்டேஷன்ல போடணும்."

"சார், அது நெசமில்ல."

"எது?"

"பச்சை. பிள்ளைங்க பங்கு போட்டுக்கிட்டாங்க. தேர்வுல தப்பான ஆளை அனுப்பிட்டோம். ஒரு பிள்ளைக்கு வாழ்க்கை போச்சு."

"அதை அடுத்த ரிவ்யூல பேசலாம். இப்ப போட்டோ மட்டும் அனுப்புங்க."

"டீக்கடையில வெயிலுக்குக் கட்டியிருக்கு சார்" என்றேன். போனை வைத்துவிட்டேன். கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதோடு அந்த வேலையும் போனவற்றோடு சேர்ந்தது.

டீ குடித்துக்கொண்டே அண்ணாந்து பலகையைப் பார்த்தேன். வேறு பார்க்க எதுவுமில்லை. முழங்கால்காரியின் வரியில் அந்த ஐந்து வாரம். மற்றவர்களைவிட ஒன்று, இரண்டு கூடுதல். இப்போது பார்த்தால் குழந்தைக்குக்கூடப் புரியும். நெட்டைப் பிள்ளையின் வரி எல்லோரையும் போலவே. அப்புறம் கடைசி வரி. "கோச்." அதே ஐந்து வாரம். ஒரு காலைகூட மணலில் கால் வைக்காத ஐந்து வாரம். ஐந்தும் பச்சை.

மதிப்பு இல்லை அது. நான் வரவில்லை, என் இடம் காலியாக இருந்தது, அதனால் எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள். படுத்துக் கிடக்கிறவனுக்கு ஒதுக்குவது போல.

டிரைவர் ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. எழுந்து சாலையின் அந்தப் பக்கம் போய் நின்றேன், வடக்கே போகிற பஸ்ஸுக்கு.

அவள் அப்பாவின் வள்ளத்துக்குச் சம்மாட்டி, அதாவது சொந்தக்காரர், கரையில் காற்றடிக்கும் கம்ப்ரசரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் இருட்டவில்லை.

"குழாய் பிடிக்க ஆள் வேணும்னு சொன்னாங்க" என்றேன்.

"கடலுக்குப் போயிருக்கீரா?"

"இல்ல."

"வாந்தி எடுப்பீரு."

"எடுத்துட்டுப் பிடிப்பேன்."

"இப்பம் என்ன வேல?"

"கோடவுன்ல சூப்பர்வைசர். இன்னைக்கு மதியம் வரைக்கும்."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, சூப்பர்வைசர் வந்திருக்காரு. கடல மேற்பார்வ பாக்கப் போறாராம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நெசமாத்தான் கேக்கீரா?"

"எனக்குப் பாதிப் பங்கு போதும். மீதிப் பாதி கட்டில்ல கிடக்கிறவர் வீட்டுக்குப் போகணும். அவர் பங்கு நின்னு போகக் கூடாது."

"நீரு அவருக்கு என்ன முறை?"

"ஒண்ணுமில்ல."

"பொறவு?"

கோர்வையாகச் சொல்ல வரவில்லை. "நான் வராத நாளுக்கு அவர் மக எனக்குப் பங்கு போட்டிருக்கா" என்றேன்.

இதையே மேனேஜரிடம் சொல்லியிருந்தால் அரை நாள் விளக்கியிருக்க வேண்டும். சம்மாட்டி துணியை உதறி மடித்தார். "அஞ்சு மணிக்கு வாரும். வயித்த நெறச்சிட்டு வராதேயும்" என்றார்.

காலையில் முதலில் அவள் வீட்டுக்குப் போனேன். விளக்கு எரிந்தது. நெட்டைப் பிள்ளை சோற்று வாளியோடு வாசலில் நின்றாள். சங்கதி அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அந்த அம்மா உள்ளே போய், வெயிலில் நிறம் போன தொப்பி ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். நான் வேனைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

"இன்னைக்குப் போவட்டும் அண்ணாச்சி" என்றாள். "நீங்க ஊர் ஊராப் போறவங்கன்னு சொன்னாவ. நாளைக்கும் வந்தீங்கன்னா, நாளன்னைக்கும் வந்தீங்கன்னா, பொறவு பாப்போம்."

அது நியாயம்தான். நான் தலையாட்டினேன்.

"சார், அந்தத் தொப்பி காத்துக்கு நிக்காது. நாடாவக் கெட்டிக்கோங்க" என்றாள் பிள்ளை. மூன்று நாளில் அவள் என்னோடு பேசிய முழு வாக்கியம் அதுதான்.

வள்ளம் கிளம்பித் தடுப்புச் சுவரைத் தாண்டுவதற்குள் தெருமுனையில் வேன் வந்து நின்றது. அவள் ஏறுவது தெரிந்தது. உயரமானவள், குனிந்துதான் ஏற வேண்டியிருந்தது. வேன் போன பிறகு நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

கரை மெலிந்து கோடான இடத்தில் எஞ்சினை நிறுத்தி, கம்ப்ரசரை ஓட்டினார்கள். சங்கு குளிக்கிறவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாயை வாயில் கடித்தார். சம்மாட்டி குழாயின் ஒரு வளைவை என் இரண்டு கையிலும் வைத்தார்.

"அவன் இழுத்தா விடும். தளர்ந்தா வாங்கும். முறுக்கு விழாமப் பாரும். வேற எதையும் பாக்காதேயும்."

குளிக்கிறவர் இறங்கினார். குழாய் என் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடி, ஓடி, நின்றது. நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.